பொம்மனஹள்ளியில் கிடைத்த அயலான்

ஈஜிபுராவில் பெர்னார்டின் வீட்டை ஒட்டி ஜெயராமனின் வீடு. நடுவில் ஒரு சுவர், சுவருக்கு மேலே ஜெயராமனின் முருங்கைமரம். மழைக்காலத்தில் அதிலிருந்து கம்பளிப்பூச்சிகள் பெர்னார்டின் மாடியில் காயும் துணிகளில் வந்து இறங்கும். அதை வைத்து மூண்ட சண்டையில் இரண்டு ஆண்களும் பேச்சை நிறுத்தி வருஷங்களாகிவிட்டன. கம்பளிப்பூச்சிக்கு முன்பும் பெர்னார்ட் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கூடத்தில் புத்தர் படம் மாட்டிய வீடு அது. "அவங்க வேற" என்பார். எப்படி வேறு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த வருஷம் சபையில் 'அயலார் ஞாயிறு' கொண்டாட முடிவாயிற்று. ஒவ்வொரு குடும்பமும் அயலார் ஒருவரை ஆராதனைக்கு அழைத்து வந்து, பிறகு வீட்டில் விருந்து வைக்க வேண்டும். யோசனை பெர்னார்டுடையது, கமிட்டிச் செயலாளர் அவர்தான். 'அயலாரை நேசிப்போம்' என்ற பேனரில் இயேசுவின் படத்தைவிடச் சற்றே சிறியதாக அவர் படமும் இருந்தது.

பக்கத்து வீட்டையே கூப்பிடலாமே என்றாள் அவர் மனைவி யூனிஸ். அயலான் என்ற சொல்லுக்கு வேதத்தில் ஆழமான அர்த்தம் உண்டு, சுவரை ஒட்டி இருப்பவன் என்று மேலோட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பெர்னார்ட் விளக்கினார். பிறகு அயலானைத் தேடக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, பொம்மனஹள்ளியில் மகள் நோரா குடியிருக்கும் அபார்ட்மென்டில் கிடைத்தார் முனியப்பன். வாசலில் செக்யூரிட்டி. பார்க்கும்போதெல்லாம் சல்யூட் வைப்பவர், எதிர்த்துப் பேசாதவர், மரம் எதுவும் வளர்க்காதவர். நேசிப்பதற்குத் தோதான மனிதர் என்று பெர்னார்டுக்குப் பட்டது. ஈஜிபுரா சர்ச் என்று சொன்னதுமே முனியப்பன் மலர்ந்து சம்மதித்தார். வசனத்தின் மேல் இவ்வளவு தாகமா என்று பெர்னார்டுக்குக் கண் கலங்கியது.

ஞாயிறன்று முனியப்பனை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். வீடு எங்கே என்று போதகர் அன்பாகக் கேட்டார்.

"பொம்மனஹள்ளி, ஐயா."

பெண்கள் பக்கம் இருமல் கேட்டது. போதகர் சமாளித்துக்கொண்டு, தேவனுடைய அன்புக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை என்றார். பெர்னார்ட் உரக்க ஆமென் சொன்னார்.

ஆராதனை முடிந்து கார் தெருவுக்குள் திரும்பியதும் முனியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், இந்த கிராஸ்லயா உங்க வீடு? நம்ம வள்ளியம்மா அக்காவ இங்கதான் குடுத்திருக்கு. இன்னிக்கி எப்படியாவது பாத்துட்டுப் போலாம்னுதான் ஈஜிபுரான்ன உடனே ஒத்துகினேன்."

வள்ளியம்மா ஜெயராமனின் மனைவி. காரிலிருந்து தம்பி இறங்குவதைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாள். சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்றாள். பொன்னாடையோடு முனியப்பன் உள்ளே போனார். பெர்னார்டின் அயலான், பெர்னார்டின் அயலான் வீட்டுக்குள் மறைந்தார்.

அவரை அனுப்பச் சொல்லும்படி பெர்னார்ட் யூனிஸை ஏவினார். அவள் போனாள், திரும்பி வந்து பிரியாணி அண்டாவைத் தூக்கினாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"அயலார் எங்க இருக்காங்களோ அங்க. வரணும்னா வாங்க."

பெர்னார்ட் ஹாலில் தனியாக உட்கார்ந்தார். சுவருக்கு அப்பால் சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் கோபம் வந்தது. பிறகு, தாம் இல்லாமலே ஆட்கள் இப்படிச் சிரிக்கிறார்களே என்று ஒரு துக்கம். அதற்குப் பிறகு வந்தது பசி. கோபத்தையும் துக்கத்தையும் ஜெபித்து அடக்கினார். பசி அடங்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு போய், அந்த வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். ஜெயராமன் அவரை மேலும் கீழும் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை.

"உள்ள வாங்க. சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு, ஃபேனுக்கு அடியில் இருந்த தன் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.