கணு மேலே

நல்லசிவம் பலகையில் கட்டைவிரல் நகத்தை ஊன்றினார். சோப்புக்கட்டியில் பதிவது போலப் பதிந்தது.

"இதுலயா எம்பிள்ள படுக்கணும்? தேக்குல இப்படி நகம் பதியுமாட்டி?"

அவர் மனைவி தங்கம் பல்லில் கடித்திருந்த ஆணியை எடுத்தாள். "தேக்கு எங்க இருக்கு? உங்க தம்பி கொண்டாறாராக்கும்?"

டெல்லியில் ஏசியாட் விளையாட்டுக்கான கட்டட வேலை ஏதாவது கிடைக்கும் என்று தம்பி தன் மனைவியோடு திங்கட்கிழமை வருகிறார். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருப்பது ஒன்றரை அறை. அதனால் பதின்மூன்று வயது மகள் பூங்கோதை மதுரையில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும் என்று நல்லசிவம் முடிவுகட்டிவிட்டார். அவளுக்கான ரயில் டிக்கெட் அவர் சட்டைப்பையில் இருந்தது. தங்கம் சண்டை போடவில்லை. நியூசிலாந்திலிருந்து ஏதோ மிஷின் வந்து இறங்கிய பைன் மரப்பெட்டியைப் பழைய சாமான் விற்கும் கபாடிக்காரனிடம் வாங்கினாள். அதைப் பிரித்து, மகள் கட்டிலின் மேல் ரயில் பெர்த் மாதிரி இன்னொன்று கட்ட ஆரம்பித்தாள். கீழே சித்தி, மேலே மகள்.

இந்த மரம் அவளுக்குப் புதிது. வேம்பில் ஆணி அடித்தால் வேம்பு முறைக்கும். இது வழிவிட்டது, ஆனால் பிளக்கவில்லை. எடையும் இல்லை, ஒற்றைக் கையால் தூக்கிவிட முடிந்தது. வெட்டுமுகத்தில் வளையங்கள் அரைவிரல் அகலத்துக்கு ஒன்றாக ஓடின. எண்ணிக்கொண்டே போனாள். ஒன்பதில் பலகை முடிந்துவிட்டது.

"நெல்லு மாதிரி வரிசையா நட்டு அறுக்குத மரம்," என்றார் நல்லசிவம். கட்டட இலாகாவில் டிராஃப்ட்ஸ்மேன். "அவசரத்துல வளந்தது."

"நம்ம பிள்ளையுந்தான்."

அவர் சிரிக்கவில்லை. "நான் ஏறிப் பாக்கேன். தாங்கலன்னா மதுரைதான். அப்புறம் பேசக்கூடாது."

"அப்பா, தீரே தீரே, மெதுவா! நீங்க ரொம்ப ஹெவி!" என்று பூங்கோதை கதவோரம் ஒதுங்கினாள்.

ஏறி உட்கார்ந்தார். சட்டம் வளைந்தது. உள்ளே எங்கோ கிறீச்சென்று ஒரு சத்தம். அவர் உடனே இறங்கி, குனிந்து அடியில் பார்த்தார். குறுக்குச் சட்டத்தின் கீழ் விளிம்பில் மாட்டுக்கண் அளவுக்கு ஒரு கணு. அதன் ஓரத்தில் மயிரிழை விரிசல். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று தங்கம்தான் அதைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். மதுரை என்ற சொல்லுக்காகச் சுத்தியலோடு காத்து நின்றாள்.

அவர் விரலால் விரிசலைத் தடவினார். இன்னொரு முறை தடவினார்.

"நகம் பதியுதுன்னேன். ஆனா ஒடையல, வளையத்தான் செய்யுது," என்றார் தனக்குத்தானே. பிறகு, "கணுவ யாராவது கீழ வைப்பாங்களா? பாரம் ஏறினா கீழ்ப்பக்கம் இழுபடும், கணு விட்டுரும். மேல இருந்தா அமுங்கிக்கிட்டுக் கெடக்கும். இதக் கழட்டு. வேற சட்டம் இருக்கா?"

மூலையில் ஒன்று இருந்தது, அதிலும் ஒரு கணு. கணு மேலே இருக்கும்படி தரையில் கிடத்திக் குனிந்தவர், சட்டைப்பையிலிருந்து பென்சிலை உருவினார். கூடவே டிக்கெட்டும் வந்து கணுவின் மேல் விழுந்தது. மே மாத வெயிலுக்குக் கணு பிசின் கசிந்திருந்தது. டிக்கெட்டின் முனையைத் தூக்கினார். பிசின் நூலாக நீண்டது.

விட்டுவிட்டார்.

"பூங்கோத, ஸ்கேல எடுத்துட்டு வா. ஜல்தி."

டிக்கெட்டை ஒட்டினாற்போலப் பென்சில் கோடு சட்டத்தின் குறுக்கே நகர்ந்தது.