கறுத்த கண்

நானும் அந்தப் படகில்தான் இருந்தேன்; ஆனால் அன்று கடலில் அலை இருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. இருந்தது என்கிறான் லோரி. குளம் மாதிரிக் கிடந்தது என்கிறாள் ஓஸ்லா.

நோஸ் தீவின் செங்குத்துப் பாறைக்குக் கீழே படகு நின்றது. பின்தளத்தில் மீன் வாளியோடு ஓஸ்லா. அவள் கானாங்கெளுத்தியை வீசினால் சோலான் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவைகள் இறக்கையை மடித்துத் தண்ணீரில் பாயும். பயணிகள் வருவதே அதைப் பார்க்கத்தான். அந்தக் கோடையில் பறவைக் காய்ச்சல் பரவியிருந்தது. பாறை விளிம்புகள் பாதி வெறிச்சிட்டிருந்தன. செத்தவை படகின் பக்கவாட்டில் மெத்தென்று இடித்தன.

"வீசுக்கா," என்றான் படகுக்காரன் லோரி.

"சீக்கையும் நல்லதையும் ஒரே எடத்துல கூட்டவா? மாட்டேன்."

"அப்ப எதைக் காட்டுறது? உன் மூஞ்சியையா?"

"காட்டித்தான் பாரேன். உன்னோடதுக்கு இது தேவல."

"வெளையாடாத. வீசாட்டி உனக்கு இங்க என்ன வேலை?"

கோடைக் கூலியில்தான் அவளுடைய குளிர்காலம் ஓடும்.

அப்போது ஒரு சோலான் தளத்தில் வந்து விழுந்தது. வெளிர்நீலமாக இருக்க வேண்டிய கண், கரியாக இருந்தது. அப்படியொரு கண்ணை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"கண்ணே கறுத்துப்போச்சு. முடிஞ்ச கேசு. தள்ளிவிடுக்கா."

"உங்கப்பா இருந்தா தள்ளுவாரா?"

லோரி சுக்கான் பக்கம் திரும்பினான். படகில் வந்து இறங்கிய பறவையைக் கரையில்தான் விட வேண்டும் என்பது அவன் வீட்டு வழக்கம். ஓஸ்லா அதை மழைக்கோட்டில் சுற்றி, வெறுங்கையால் மடியில் வைத்துக்கொண்டாள். கரையில் இறக்கினாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அது பறந்து போனது.

மறுநாள் சுகாதார அலுவலகத்தார் அந்தப் பறவையைப் பற்றி லோரியிடம் கேட்டார்கள். "கண்ணு கறுத்திருந்துச்சு. சீக்குதான்," என்றான். தெரிந்ததைத்தான் சொன்னான்.

அதை வெறுங்கையால் தொட்டதால் ஓஸ்லா சில நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். வராத நாளுக்குக் கூலி இல்லை. லோரி ஆட்டிறைச்சி சூப்பை அவள் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனான். படகை நிறுத்த முடியாமல் வேறொருத்தியை வேலைக்கு எடுத்தான். அவள் வீசினாள். ஓஸ்லா வேலைக்குத் திரும்பியபோது படகில் அவளுக்கு இடமில்லை.

கண் கறுத்தவை காய்ச்சல் வந்து பிழைத்தவை என்று ஆராய்ச்சிக்காரர்கள் பிறகுதான் சொன்னார்கள்.

லோரி இன்னும் படகு ஓட்டுகிறான். பாறையில் கறுத்த கண் தெரிந்தால் ஒலிபெருக்கியில் சொல்கிறான். எல்லோரும் கேமராவைத் தூக்குகிறார்கள். புதியவள் நன்றாக வீசுகிறாள். ஓஸ்லா மீன் ஆலையில் நசுங்கிய கானாங்கெளுத்திகளைப் பிரித்து வாளியில் போடுகிறாள். அந்த வாளி லோரியின் படகுக்குப் போகிறது.