பச்சை வாளி

மூன்றாம் வகுப்பின் பச்சை வாளி ஒன்பதாவது நாளாகக் காலியாக வந்தபோது டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பும் மிச்சம் மீதியைத் தன் வாளியில் போட்டுக் கொண்டுவரும். துப்புரவு ஆயா அதைத் தொங்கு தராசில் மாட்டுவார். டீச்சர் சுவரில் இருந்த அட்டையில் எடையைக் குறிப்பாள். பிறகு எல்லாம் தோட்டத்து மூலையில் இருந்த உரக்குழிக்குப் போகும். எடை குறைந்த வகுப்புக்கு வாரக் கடைசியில் ஒரு நட்சத்திரம். யோசனை டீச்சருடையதுதான். வெள்ளிக்கிழமை வரும் கல்வி அதிகாரியிடம் இந்த அட்டையைத்தான் காட்டப்போவதாகத் தலைமை ஆசிரியை வாயெல்லாம் பல்லாகச் சொல்லியிருந்தார்.

"பெருமையெல்லாம் சரி டீச்சர்," என்றார் ஆயா, வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே. "முப்பது பிள்ளைங்க சாப்பிட்ட இடத்துல ஒரு தோல்கூடவா இருக்காது? என் குழி பட்டினி கிடக்குது."

"எடை குறையணும்னுதானே போட்டியே வச்சோம்?"

"சோறு வீணாகக் கூடாதுன்னு வச்சீங்க. ஆரஞ்சுத் தோலை யாரு திம்பாங்க?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. தோலும் கொட்டையும் கணக்கில் சேராது என்று பிள்ளைகளிடம் சொல்ல அவள் மறந்தே போயிருந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறைக்குப் போகாமல், வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், வருடப் பாதியில் வந்து சேர்ந்த ஒல்லிப் பெண். வந்த புதிதில் கதவோரம் தனியாக உட்கார்ந்து, டப்பா மூடியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவாள். மூடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று டீச்சர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"வாளி, இந்தா."

"ஏய் வாளி, என்னோடதை முதல்ல வாங்கிக்க!"

கடிபட்ட ரொட்டி, பிசைந்த சோறு, ஆப்பிளின் நடுத்தண்டு. எல்லாவற்றையும் அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். கடைசியில் ஆரஞ்சுத் தோல் வந்தது. கண்ணை இறுக மூடி மென்று, தண்ணீர் குடித்து விழுங்கினாள். வட்டம் கை தட்டியது.

டீச்சர் உள்ளே போனதும் வகுப்பு கப்சிப்பென்று ஆனது. வகுப்புத் தலைவி எழுந்தாள். "நாங்க யாரும் கட்டாயப்படுத்தல டீச்சர். அவளேதான் கேட்டா. நட்சத்திரம் நமக்குத்தானே வேணும்?"

நமக்கு. டீச்சரையும் சேர்த்து.

டீச்சர் ஒல்லிப் பெண்ணை வெளியே கூட்டிப்போனாள். குழந்தையின் மூச்சில் தோலின் காரநெடி. "வயிறு வலிக்குதாம்மா?"

"ராத்திரி மட்டும்."

"அப்புறம் ஏன் சாப்பிடுற?"

"தோல்தான் கசக்கும் டீச்சர். மத்ததெல்லாம் நல்லா இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இப்பல்லாம் எல்லாரும் என் பக்கத்துலதான் உட்கார்றாங்க."

அன்று மாலை வீட்டில் மகன் பாதித் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். "கொட்டாதடா, அம்மா இருக்கா," என்றார் கணவர், வழக்கம்போல. அவள் கையும் வழக்கம்போலத் தட்டுக்குப் போனது. இத்தனை வருடமாக அடுப்படியில் நின்றபடியே மற்றவர்களின் மிச்சத்தைத் தின்றதைச் சிக்கனம் என்றுதான் நினைத்திருந்தாள். 'எல்லாரும் என் பக்கத்துலதான்.' கை பாதியில் நின்றது.

காலையில் முதல் வேலையாக அட்டையைக் கழற்றினாள்.

"அதிகாரி வர்ற நேரத்துலயா?" தலைமை ஆசிரியை குரலை உயர்த்தினார். "இன்னும் ஒரே ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

"அந்த ஒரு நாளும் ஒரு பிள்ளை வயித்துலதான் மேடம் போகும்."

போட்டி முடிந்தது, இனி யாரும் யாருக்கும் மிச்சம் தரக் கூடாது என்று வகுப்பில் சொன்னாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த இன்னொரு டப்பாவை ஒல்லிப் பெண்ணிடம் தனியாகக் கொடுத்தாள். அவள் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் வட்டம் இல்லை. பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். தலைவி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். கதவோரம், மடியில் மூடிய டப்பாவோடு, ஒல்லிப் பெண்.

"சாப்பிடலையாம்மா?"

"பசிக்கல டீச்சர்." பிறகு, தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "நான் நல்லாத்தானே செஞ்சேன்? ஏன் நிறுத்திட்டீங்க?"

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணி அடித்ததும் ஆயா வாளியைத் தராசில் மாட்டி, பழக்கதோஷத்தில் முள்ளை வாசித்தார். "ரெண்டு கிலோ சொச்சம்." எழுத அட்டை இல்லை. "இன்னைக்குத்தான் குழிக்கு உயிர் வந்துச்சு," என்றபடி தூக்கிக்கொண்டு போனார். ஒல்லிப் பெண்ணின் கண்கள் அந்த வாளியின் பின்னாலேயே தோட்டத்து மூலைவரை போயின.

சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது. கையில் வாங்கியதுமே தெரிந்தது, காலையில் கொடுத்த அதே கனம்.