இடது கையின் வயது

என் அண்ணன் வில்டரின் இடது கை எங்கள் தெருவுக்குப் பொதுச்சொத்து. அந்தக் கையால் அவன் தண்ணீர் வாளி தூக்கக் கூடாது, நாயைத் தடவக் கூடாது. சாப்பிடுவது, கையெழுத்துப் போடுவது, கொசு அடிப்பது எல்லாம் வலது கைதான். இடது கை பேஸ்பால் எறிய மட்டும். தூங்கும்போது அதற்குத் தனித் தலையணை.

அமெரிக்கக் குழு ஒன்று அவனை ஒப்பந்தம் செய்து, இரண்டு வருடம் இங்கே, எங்கள் ஊர் சான் பேத்ரோவில் தன் முகாமில் வைத்திருந்தது. இப்போது ஃப்ளோரிடாவில் இருக்கும் தன் கடைசிநிலை அணிக்கு அவனை அழைத்திருந்தது. திங்கட்கிழமை விமானம். அதற்குமுன் அவன் வயதைத் தெருவில் விசாரிக்க ஒருவர் வருவார், அவர் திருப்தியானால்தான் விசா.

வில்டருக்கு வயது பத்தொன்பது. பிறப்புப் பத்திரத்திலும் பத்தொன்பது. இதுதான் சிக்கல். எங்கள் தெருவில் பந்து எறிகிறவனின் வயதை யாராவது கேட்டால் இரண்டு மூன்று குறைத்துச் சொல்வது அண்டைவீட்டுக்காரரின் கடமை; வயது குறைந்தால்தான் அமெரிக்கக் குழுக்களிடம் விலை கூடும். விசாரிக்க ஆள் வருகிறார் என்றாலே, பையன் எதையோ மறைக்கிறான், நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

“யாரும் எதையும் சோடிக்க வேணாம். இவன் பேப்பர் சுத்தம்,” என்று பயிற்சியாளர் தாவேரஸ் வீடுவீடாகச் சொன்னார். எல்லோரும் அவரைப் பார்த்துக் கண்ணடித்தார்கள்.

வியாழக்கிழமை பச்செக்கோ என்ற அந்த விசாரணைக்காரர் தலைநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். முதலில் முடிவெட்டும் கடை.

“வில்டரா? பதினேழு இருக்கும் ஐயா. இன்னும் ஷேவிங்குக்கே வரல.”

வில்டருக்கு மீசை உண்டு.

அடுத்து டாமினோ ஆடுகிறவர்கள். “பதினாறு,” என்றார் ஒருவர். “என்னப்பா பதினாறு? பதினஞ்சு. போன வருஷம்தான் குரலே உடைஞ்சுது,” என்றார் இன்னொருவர். மளிகைக்கடை அக்கா பதினான்கு என்றாள். தெருமுனையில் மோட்டார் டாக்ஸி ஓட்டும் நெல்ஃபி, “பன்னெண்டு. உசரத்தப் பாத்து ஏமாறாதீங்க, வாழைக்காய் நெறைய திம்பான்,” என்று முடித்துவிட்டான். வில்டருக்கு அவன்தான் உயிர் நண்பன்.

பச்செக்கோ எங்கள் வீட்டுக்கு வருவதற்குள், வயது பன்னிரண்டில் நிற்கிறது என்று சேதி வந்துவிட்டது. அம்மா யோசித்தாள்.

“நான் ஒருத்தி மாத்திச் சொன்னா, தெருவே பொய் சொல்லுச்சுன்னு ஆயிடும்.”

“எனக்குப் பத்தொன்பதும்மா.”

“சும்மா இருடா. ஊரே உனக்காக இவ்ளோ பண்ணுது.”

பச்செக்கோ உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். “பையனுக்கு என்ன வயசும்மா?”

“பன்னெண்டு.”

அவர் காபியோடு நின்ற என்னைப் பார்த்தார். “இந்தப் பொண்ணு?”

“அவன் தங்கச்சி.” எனக்குப் பதினாறு. அம்மா கண்ணிமைக்காமல் சொன்னாள்: “எட்டு. எங்க குடும்பமே நல்ல வளர்த்தி.”

நான் காபியை வைத்துவிட்டு, எட்டு வயதுக்காரி எப்படி நிற்பாளோ அப்படி நிற்கப் பார்த்தேன்.

பச்செக்கோ பேனாவை மூடினார். “இங்க என்ன ஏமாத்துன்னு எனக்குப் புரியல. ஆனா இத்தனை பேரு சேந்து பொய் சொல்ற பையனுக்கு விசா குடுக்கலாம்னு நான் எழுத முடியாது.”

வில்டர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு தோன்யா எர்மிந்தா; வயதான பெண்களை மரியாதையாகத் தோன்யா என்போம். நெல்ஃபியின் அம்மா. வில்டர் ஒப்பந்தம் ஆன நாளிலிருந்து எங்களோடு பேசுவதில்லை.

“பன்னெண்டாம்ல பன்னெண்டு. ஐயா, பத்தொன்பது ஆச்சு அந்தக் கழுதைக்கு. அக்டோபர் ஒம்பது, செவ்வாக்கிழமை. ஒரே வார்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எம் பையன் காலைல பொறந்தான், இவன் மத்தியானம். எம் பையன் வலது கைன்னு எவனும் சீந்தல. இவனுக்கு மட்டும் விமானமா? நல்லா எழுதிக்கோங்க. பத்தொன்பது.”

பச்செக்கோ கோப்பைத் திறந்து பத்திரத்தைப் பார்த்தார். பிறகு கைப்பேசியில் அவன் பிறந்த வருடத்து நாட்காட்டியைப் பார்த்தார். செவ்வாய்தான்.

“எல்லாம் சரியா இருக்கு,” என்றார் மெதுவாக. கையெழுத்துப் போட்டார். “தோன்யா, இந்தத் தெருவுல நெசத்தச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். உங்களாலதான் பையன் போறான்.”

எர்மிந்தா வேலியைப் பிடித்து எக்கினாள்.

“அப்ப தப்பாச் சொல்லிட்டேன்,” என்றாள். “அவனுக்கு இருபத்தஞ்சு.”

அதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மாலையில் தெருவே எங்கள் வீட்டில் கூடியது. “பத்தொன்பதுன்னு எழுதி, பத்தொன்பதுன்னே நிரூபிச்சிட்டாங்களே, என்ன மூளை,” என்றார் முடிவெட்டுகிறவர். “அதுவும் எர்மிந்தாவையே நடிக்க வெச்சு.” தாவேரஸ் மறுத்துப் பார்த்தார். மறுக்க மறுக்க அவர்மேல் மரியாதை கூடியது. நிஜமான வயது என்னவாக இருக்கும் என்று டாமினோ மேஜையில் பந்தயம் கட்டினார்கள். இருபத்துநான்குக்கு ஆதரவு அதிகம்.

எல்லோரும் போன பிறகு வில்டர் அம்மாவை ஓரமாக அழைத்தான். முகம் வாடியிருந்தது.

“அம்மா, நெசமாச் சொல்லு. எனக்கு என்ன வயசு?”

அம்மா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“யாரு கேக்கறது?”