வேராவுக்கு ஒரு முகம்

துக்கச் சாப்பாட்டின் அவித்த முட்டையை யெட்டா வாயில் வைத்த நேரத்தில்தான் அந்த முகம் உள்ளே வந்தது. யூதத் துக்க வீடென்பதால் கதவு தாழிடாமல் கிடந்தது. யாரும் தட்ட வேண்டியதில்லை. அவள் புருஷன் ஹெர்ஷலை அன்று காலைதான் அடக்கம் செய்துவிட்டு பிராங்க்ஸ் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள்.

அதே மேடான கன்னம், அதே கீழுதடு. ஹெர்ஷல் வரைந்த பத்து சென்ட் படக்கதைப் புத்தகத்தில் மாதாமாதம் பார்த்து யெட்டா வயிறெரிந்த முகம். அந்தக் கதையின் நாயகி, விமானம் ஓட்டும் வேராவின் முகம். கொஞ்சம் வயதாகியிருந்தது, அவ்வளவுதான். "யாரு இவ?" என்று கேட்டபோதெல்லாம், "யாருமில்ல, சும்மா படம்" என்று ஹெர்ஷல் மழுப்பிவிடுவான்.

வந்தவள் கையில் வெள்ளைப் பூங்கொத்து வேறு.

"நம்மவங்க சாவு வீட்டுக்குப் பூவா?" ஹெர்ஷலின் தங்கை கித்தல் முணுமுணுத்தாள். "இத்தாலிக்காரி போல. கல்யாணம்னு நெனச்சுட்டா, அண்ணி."

யெட்டா சிரிக்கவில்லை. துக்கம் காப்பவர்களுக்கான குட்டை முக்காலியில் இருந்ததால் அவளை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அதுவே பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ரோசினா. படக்கதை ஆபீஸ்ல அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜை."

"உன் மூஞ்சியத்தான் மாசாமாசம் பாக்குறேனே. எதிர்ல உக்கார வச்சு வரைவாரா?"

ரோசினா விழித்தாள்.

"அவரா? அவருக்குப் பொம்பள முகமே வராதுங்க. விமானம், குதிரை, அடிதடி எல்லாம் பிச்சு உதறுவாரு. வேரா தலை வர்ற எடத்துல வெறும் வட்டம் போட்டு எங்கிட்ட தள்ளிடுவாரு. நான்தான் கண்ணாடியப் பாத்து வரைவேன். 'வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்'பாரு."

யெட்டாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கள்ளக் காதலி என்றால் தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். இவளை என்ன செய்வது? மாதாமாதம் ஒரு இடத்தைக் காலியாக விட்டு, இவள் நிரப்புவாள் என்று நம்பி இருந்திருக்கிறான். வீட்டில் அவன் எதையும் யெட்டாவுக்காகக் காலியாக விட்டதில்லை. பொறாமை முன்பைவிட அதிகமாகக் கொதித்தது.

"கடைசிப் பக்கம் இங்கதான் இருக்காம்," ரோசினா தயங்கினாள். "அச்சுக்குப் போகணும். முகம் மட்டும் போட்டுட்டா..."

யெட்டா எழுந்துபோய் அவன் மேஜையிலிருந்து பக்கத்தை எடுத்துவந்தாள். விமானத்திலிருந்து வேரா எட்டிப் பார்க்கிறாள். தொப்பி இருந்தது, காற்றில் பறக்கும் கழுத்துத் துணி இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

சமையலறை மேஜையில் அதை விரித்துக்கொண்ட ரோசினா சுவரைப் பார்த்தாள். துக்க வழக்கப்படி அங்கிருந்த கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். சின்னக் கண்ணாடிக்காகத் தன் கைப்பையைத் திறக்கப் போனாள். யெட்டா பையின்மேல் கை வைத்தாள்.

"ஏழு நாளைக்கு இந்த வீட்ல கண்ணாடி பாக்கக் கூடாது."

நாற்காலி ஒன்றை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"என்னப் பாத்து வரை."

ரோசினா அழுது வீங்கிய அந்தக் கண்களையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பென்சிலைச் சீவினாள்.

"கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க."

யெட்டா திரும்பினாள்.

"அண்ணி, துக்கத்துல நாற்காலில உக்காரக் கூடாது," என்றாள் கித்தல்.

"பேச்சுக் குடுக்காத. நான் அசையக் கூடாது," என்றாள் யெட்டா, உதடு பிரியாமல்.