கலைச்செல்வி மறைத்த மாத்திரை

மூன்று மாதமாகக் கலைச்செல்வியின் நடை சரியில்லை. சமதரையிலேயே தள்ளாடினாள். குடத்தோடு இரண்டு முறை விழுந்தாள். சோளக்காடு ஊர் மருந்துக்கடையில் சத்து மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. பேச்சும் குழற ஆரம்பித்ததும் அவள் புருஷன் சின்னுசாமி மிளகு பறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் அவளை நாமக்கல்லுக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனான்.

டாக்டரம்மா விரலை இப்படியும் அப்படியும் அசைத்து அவள் கண்களைப் பார்த்தார்.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

“இல்லீங்க.”

“தலைவலிக்குக்கூடப் போட மாட்டாளுங்க” என்றான் சின்னுசாமி.

டாக்டரம்மா டார்ச் அடித்து அவள் வாய்க்குள் பார்த்தார். ஈறுகள் தடித்துப் பல்லைப் பாதி மூடியிருந்தன. சற்று யோசித்துவிட்டு, அவனை வெளியே இருக்கச் சொன்னார்.

மூளையில் கட்டியாகத்தான் இருக்கும் என்று சின்னுசாமி முடிவே செய்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டபோது கலைச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நானே சொல்லிடறேங்க” என்றாள். “எனக்குப் பன்னெண்டு வயசுலருந்து வலிப்பு இருக்குதுங்க. மாத்திரைய எங்கம்மா யாருக்கும் தெரியாம வாங்கித் தரும். கார்த்திகையில மரவள்ளிக் காட்டுல ஒருக்கா வந்துருச்சு. பயந்துக்கிட்டு நானா ரெண்டு ரெண்டாப் போட்டுட்டேன்.”

“அந்த மாத்திரையாலதான் ஈறு தடிச்சிருக்கு. அது ஒடம்புல அதிகமாயிட்டாலும் இப்படித் தள்ளாடும்” என்றார் டாக்டரம்மா. “ரத்தத்துல பார்த்துடலாம். அளவ நான்தான் குறைப்பேன். நீங்களா நிறுத்திடக் கூடாது.”

ரத்தத்தில் அது உறுதியானது. கட்டி இல்லை என்ற நிம்மதி சின்னுசாமிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம். மலையேறும் பஸ் பாதி வளைவுகளைத் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினான்.

“காட்டுல வந்தப்ப கூட யாரு இருந்தா?”

“யாருமில்லீங்க.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?”

முன்சீட்டுக் கம்பியை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். “உங்க சித்தப்பா மருமகள வலிப்புன்னு திருப்பி அனுப்புனாங்களே, அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

அவனுக்கு நினைவு வந்தது. நோவை மறைத்துக் கட்டிவைத்தால் திருப்பித்தான் அனுப்புவார்கள் என்றிருந்தான். அதைச் சொன்னபோது அவள் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வளப்பூரில் வீட்டு வாசலிலேயே அவன் அம்மா பொன்னம்மாள் நின்றிருந்தாள்.

“என்ன சாமி சொன்னாங்க?”

கலைச்செல்வி அப்படியே நின்றுவிட்டாள்.

“ரத்தம் கம்மியாம்மா” என்றான் சின்னுசாமி. “மாத்திரை குடுத்திருக்காங்க.”

சொல்லிவிட்டு மனைவியைப் பார்க்காமல் உள்ளே போனான்.

ஒரு மாசத்துக்குள் அவள் நடை தேறிவிட்டது. மாத்திரை தீரும் முன்பே அவனே போய் வாங்கிவந்து வைத்தான். ஆனால் அவளிடம் அவன் அதிகம் பேசவில்லை.