ஹரிசோவின் ஊர்

2009ஆம் ஆண்டு மே மாதம் இருபத்துநான்காம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பத்து மணியளவில், ஐந்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கின் யூட்லாந்தை விட்டுப் போன யூட்டர் குலத்தார் பத்தொன்பது படகுகளில் அங்குள்ள பிரெடெரிசியா நகரத்துக்குத் திரும்பி வந்தார்கள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். காற்று மேற்கிலிருந்து மிதமாக வீசியது. கடலுக்கு அப்பால் இங்கிலாந்துக் கரையிலிருந்த கெண்ட் நாட்டு மன்னன் ஒருவனுக்காகக் கூலிக்குச் சண்டை போடப் போனவர்கள் அவர்கள். சண்டை முடிந்ததும் வருவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள். அது இப்போதுதான் முடிந்ததாம். போர்க்காலம் வளர்ந்தவர்களின் வயதில் சேராது என்பது அவர்களுடைய ஒப்பந்தம். அதனால் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள், பெரியவர்கள் அப்படியே நின்றார்கள். கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு டெனிஷ் பெண்மணி அவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு, இங்கே படகு கட்டக் கூடாது என்று எழுதியிருந்த பலகையைக் காட்டினார். அவர்கள் ஐம்பது மீற்றர் தள்ளிக் கட்டினார்கள்.

அதே கிழமைதான் இலங்கையிலும் போர் முடிந்திருந்தது. பிரெடெரிசியாத் தமிழர் ஆறு நாட்களாக வேலைக்குப் போனார்கள், வந்தார்கள், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சுசீலாதேவி, படகில் ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யார், எந்த நூற்றாண்டு என்றெல்லாம் விசாரிக்காமல் பெரிய பானையை இறக்கினார். பின்னேரத்துக்குள் பதினான்கு வீடுகளிலிருந்து சோறும் பருப்பும் கடற்கரைக்குப் போய்விட்டன. பருப்புக்கு உப்புக் காணுமா என்பதுதான் அந்தக் கிழமை தமிழர் தங்களுக்குள் கதைத்த முதல் கதை.

யூட்டரைக் கரையோரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு விளையாட்டு மண்டபத்தில் குடிவைத்தார்கள். அவர்களிடம் மூன்று வகைப் பேச்சு இருந்தது. முன் படகுகளில் வந்தவர்கள், போகும்போது எடுத்துப்போன பேச்சை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். நடுப் படகுகளில் இருந்தவர்களின் பேச்சு கெண்டில் நனைந்து மெதுமையாகியிருந்தது. கடைசிப் படகுகளில் அயல் குலத்தாரான ஆங்கிள் மக்கள் சிலரும் கலந்திருந்ததால், அவர்களை மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். டெனிஷ் மொழி அவர்களுக்கு விரைவில் பிடிபட்டது, பாதி ஏற்கெனவே அவர்களுடையதுதான். ஜூலை மாதம் வக்னியோ என்ற துடுப்புக்காரன், சுசீலாதேவியின் கணவர் குலேந்திரனிடம், உங்கள் சண்டையும் முடிந்துவிட்டதே, நீங்கள் எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டான். குலேந்திரன் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்பவர், கேள்விகளுக்கு மெதுவாகத்தான் பதில் சொல்வார்.

"உங்களுக்கு ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு மேலை எடுத்தது, எனக்கு இப்பதான் இருபத்திமூண்டு எண்டு சொன்னன்," என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"அதுக்கு அவன் என்ன சொன்னவன்?"

"அப்ப நிறைய நேரம் கிடக்கு எண்டான்."

சுசீலாதேவி மே மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

ஓகஸ்டில் தலைநகரிலிருந்த ஓர் அலுவலகம் கத்தரீனா என்ற மொழிப் பரிசோதகரை அனுப்பியது. திரும்பி வந்தவர்கள் உண்மையாகவே யூட்லாந்தவர்தானா என்று தெரியவேண்டும். அவரவர் பேச்சு எந்த இடத்தில் பேசப்படுகிறதோ அந்த இடத்துக்கே ஆளை அனுப்பவேண்டும் என்பது விதி. கத்தரீனா நேர்மையான பெண். ஒவ்வொருவரையும் இருபது நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்தார். பாலுக்கு என்ன சொல்வீர்கள், துடுப்புக்கு என்ன, தாயின் சகோதரிக்கு என்ன என்று கேட்டார். நடுப் படகுக்காரரும் கடைசிப் படகுக்காரரும்கூட, அடியில் பழைய சொற்கள் இருந்ததால் தேறினார்கள். நானூற்றுப் பதினொரு பேர் தேற, வக்னியோவின் மனைவி ஹரிசோ மட்டும் தேறவில்லை. அவள் வாயிலிருந்து வந்தது கலப்பில்லாத கெண்ட் பேச்சு. ஒக்ரோபர் முதலாம் திகதிக் கப்பலில் அவள் கெண்டுக்குப் போகவேண்டும், புருஷனும் மூன்று வயது மகளும் இங்கே இருக்கலாம் என்று கடிதம் வந்தது. தான் பிறந்தது இந்தக் கரையிலா அந்தக் கரையிலா என்று ஹரிசோவுக்கே தெரியாது. சொல்லுமுன் தாய் இறந்துவிட்டாள். மகள் அன்றிலிருந்து தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டே நித்திரை கொண்டாள்.

இதைச் சொல்லிச் சுசீலாதேவி வீட்டில் அழுதுகொண்டிருக்கும்போது மட்டக்களப்பில் இருந்த தமக்கை தொலைபேசியில் வந்தார். கதைத்து முடிந்ததும் குலேந்திரன் வழமைபோலச் சீண்டினார்.

"என்னோடை கதைக்கேக்கை யாழ்ப்பாணம், அக்காவோடை எண்டா உடனை மட்டக்களப்பு. நீர் உண்மையிலை எந்த ஊர் அப்பா?"

"ஆரோடை கதைக்கிறனோ, அவையின்ரை ஊர். நான் வேணுமெண்டே செய்யிறன்? மரியாதைக்குத் தானா வாறது," என்று சொன்ன சுசீலாதேவி, சொன்னபடியே எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தார்.

ஹரிசோவும் தன்னைப் போலவே எதிரில் இருப்பவரின் பேச்சில் பேசியிருப்பாள் என்று அவர் நினைத்தது சரி. பத்தொன்பது படகுகளுக்கும் விருந்தாளி வந்தால் கிண்ணம் ஏந்தி வரவேற்பது ஹரிசோவின் பொறுப்பு. அப்படி வரவேற்பவள் விருந்தாளியின் பேச்சிலேயே பேசவேண்டும், தன் பேச்சில் பேசினால் அது அவமதிப்பு. கத்தரீனாவோ அந்தப் பழைய மொழியைக் கெண்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினொரு வருடம் படித்தவர். ஹரிசோ அவரை வரவேற்றிருக்கிறாள், அவ்வளவுதான்.

"அவள் உங்களுக்குச் சொன்னது அவளின்ரை பேச்சில்லை, உங்கடை பேச்சு," என்று, மிச்ச வேலைக்காக இன்னும் மண்டபத்தில் இருந்த கத்தரீனாவிடம் சுசீலாதேவி டெனிஷில் விளக்கினார். கத்தரீனாவின் முகம் சிவந்துபோனது. அந்த இருபது நிமிடமும் தன் வாழ்க்கையிலேயே கேட்ட மிக அழகான உரையாடல் என்று அவர் நினைத்திருந்தார்.

"அப்படியானால் நான் யாருடன் அவளைப் பேசவைப்பது?"

"மரியாதை குடுக்கத் தேவையில்லாத ஆளோடை. மகளோடை விடுங்கோ."

செப்டெம்பர் பத்தாம் திகதி காலை, பதிவுக் கருவியை மேசையில் வைத்துவிட்டுக் கத்தரீனா ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். முதல் அரை மணித்தியாலம் ஹரிசோவுக்குக் கருவியின் நினைவு இருந்தது, அதனால் மகளுக்கே கிண்ணம் ஏந்துவதுபோலப் பேசினாள். பிறகு மகள் தகப்பனின் இடது சப்பாத்தைக் கூழ்ப் பானைக்குள் போட்டாள். ஹரிசோ ஏழு நிமிடம் மூச்சு விடாமல் ஏசினாள். ஏச்சு யூட்லாந்து வடகரைப் பழஞ்சொல்லில் தொடங்கி, கெண்டைக் கடந்து, ஆங்கிள் வசவு ஒன்றை எடுத்துக்கொண்டு, டெனிஷில் திரும்பி, "கெதியா எடு! ஓம், சிரி, சிரி!" என்று முடிந்தது. ஒரு வசனத்துக்குள் நாலு கரை இருந்தன, ஆனால் எந்த இடத்திலும் தையல் தெரியவில்லை. மகள் ஒரு சொல் விடாமல் விளங்கிக்கொண்டு சப்பாத்தை எடுத்தாள்.

கத்தரீனா அந்த ஏழு நிமிடத்தைப் பதினொரு நாட்கள் கேட்டார். பிறகு அறிக்கை எழுதினார். இந்தப் பேச்சு யூட்லாந்தின் வடகரையில் இல்லை, கெண்டிலும் இல்லை, எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் இல்லை. உலகில் இது பேசப்படும் ஒரே இடம் பிரெடெரிசியாக் கரையோர விளையாட்டு மண்டபம். பேசுபவர் ஒருவர், விளங்கிக்கொள்பவர் ஒருவர். விதிப்படி ஹரிசோவை அந்த இடத்துக்கே அனுப்பவேண்டும்.

அலுவலகம் அறிக்கையை மூன்று தரம் வாசித்து முத்திரை குத்தியது. அனுப்பவேண்டும் என்று எழுதியிருந்ததால் அனுப்பத்தான் வேண்டும். ஒக்ரோபர் முதலாம் திகதி காலை ஒன்பது மணிக்கு இரண்டு அலுவலர்கள் வந்து, ஹரிசோவையும் அவளுடைய பையையும் காரில் ஏற்றி, சட்டையை விடாத மகளையும் ஏற்றி, நகரத்தை ஒருமுறை சுற்றி, ஒன்பது இருபதுக்கு மண்டப வாசலில் இறக்கிவிட்டு வக்னியோவிடம் கையெழுத்து வாங்கினார்கள். வாசலில் நின்ற யூட்டரும் தமிழரும், தூர இடத்திலிருந்து வந்தவளை வரவேற்பதுபோல அவளை வரவேற்றார்கள். பயணம் எப்படி என்று குலேந்திரன் கேட்டார். நல்ல பயணம், வழியில் கொஞ்சம் மழை என்றாள் ஹரிசோ. மகள் காரை விட்டு இறங்க மறுத்து, இன்னொரு சுற்றுப் போகவேண்டும் என்று அலுவலர்களிடம் கேட்டாள். என்ன மொழியில் கேட்டாள் என்று அங்கே நின்ற ஒருவரும் கவனிக்கவில்லை. அலுவலர்கள் கதவைச் சாத்தி அவளை மட்டும் இன்னொரு சுற்றுக் கூட்டிப்போனார்கள்.